பஸ்ஸுக்கு வடம் பிடித்த காலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் ஓடிவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வண்டி ஓட்டிய காலத்தில் டிரிப் ஷீட் எழுதியிருக்கிறேன், அதைத் தாண்டி ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. ஆனால் படிப்பு இல்லாதது மட்டும் காரணம் இல்லை. "நான் இருக்க வரைக்கும் இதை எழுதாதே" என்று ஒரு மனுஷர் கேட்டுக்கொண்டிருந்தார். போன மாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் விசேஷத்தில், இலை போட்ட இடத்தில், அவரைப் பற்றி ஒரு பேச்சு வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். அப்போதும் தள்ளிப் போட்டேன்.

இந்த ஆடியில் எங்கள் ஊர்க் கோவில் தாயார் என் காதைத் திருகிவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். தேருக்கு நாலு நாள் முன்னால், கோவிலுக்குப் போய்விட்டு ரத வீதி வழியாக வந்துகொண்டிருந்தேன். வடக்கயிற்றை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். முதல் நாள் சாரல் விழுந்து கயிறு நனைந்திருந்தது. நனைந்த தேங்காய் நாருக்கு ஒரு வாசம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் மண், கொஞ்சம் உப்பு, ஊறவைத்த மட்டையின் புளிப்பு கொஞ்சம். எல்லோருக்கும் அந்த வாசத்தில் தேர் ஞாபகம் வரும். எனக்கு ஒரு பஸ் ஞாபகம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். பூக்காரம்மா, "என்னண்ணே, மயக்கமா வருது?" என்று கேட்டு, உட்காரச் சொன்னாள்.

அந்தப் பஸ் ஒரு காலேஜ் பஸ். சேத்தூருக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு இஞ்சினியரிங் காலேஜ் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு நீங்கள் தேடிப் போனாலும் அங்கே காலேஜ் இல்லை. அங்கே நான் டிரைவர். கல்யாணமாகி மூத்தவன் பிறந்திருந்த நேரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்தால் வன்னியம்பட்டி, ராஜபாளையம், சேத்தூர் என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் வண்டிதான் தூரத்து வண்டி, அதனால் கடைசியாகப் போய்ச் சேரும் வண்டியும் அதுதான்.

காலையில் வண்டியை எடுக்கும்போது பால்கோவா அடுப்புப் புகை மூக்கில் ஏறும். ராஜபாளையம் வந்தால் மில் ஷிப்ட் விட்டு வருகிறவர்களின் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும், பாதிப் பேருக்கு நரைத்துவிட்ட மாதிரி தெரியும். சேத்தூர் தாண்டினால் மாம்பூ வாசம். கண்ணை மூடினாலும் எந்த ஊரில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். டிரைவர் கண்ணை மூடலாமா என்று கேட்காதீர்கள், ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

தினமும் சீட்டில் ஏறும் முன்னால் தாயார் படத்துக்குத் துளசி மாலை சாத்துவேன். பிள்ளைகள் ஏறும்போது அதில் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே போவார்கள். ராஜபாளையம் வரும்போது மாலையில் நார்தான் மிஞ்சும். அதட்டுவேன். மறுநாளும் கிள்ளுவார்கள்.

வன்னியம்பட்டியில் ஏறுகிறவள் முத்துப்பேச்சி. அவள் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், அவளே கேட்டுக்கொண்டாள். அது ஒன்றைத் தவிர இதில் நான் எதையும் மாற்றவில்லை. மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சே வராது. ஏறியதும் எனக்குப் பின்னால், இடது பக்கத்து முதல் சீட்டில் உட்கார்ந்து புத்தகத்தை விரிப்பாள். அவள் அப்பா குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர். சைக்கிளில் பால் கேனோடு வந்து, மகள் ஏறும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

அவளுக்கு முறைமாமன் ஒருவன் இருந்தான். படிப்பு முடியட்டும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் என் ஜன்னல் பக்கம் வந்து, "படிப்பு நடுவுல நின்னுச்சுன்னா அவிய வந்து கேப்பாக. பொறவு நான் வாயத் தொறக்க முடியாது பாத்துக்கோங்க" என்றார். என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. பிள்ளையைத் தினமும் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவன் என்று சொல்லியிருப்பார். நான் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த வருஷம் நடுவில் காலேஜில் பீஸைக் கூட்டினார்கள். சேரும்போது ஒன்று சொல்லி, மூன்றாம் வருஷத்தில் வேறொன்று. அதோடு பஸ்ஸுக்குத் தனி, லேபுக்குத் தனி. எவ்வளவு என்று நான் எழுதப்போவதில்லை. தோட்டத்தை ஒத்திக்கு வைத்தவர்கள் உண்டு, தாலிக்கொடியை அடகு வைத்தவர்கள் உண்டு, இவ்வளவு போதும். பிள்ளைகள் முதலில் மனு கொடுத்தார்கள். பிறகு கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கோஷம் போட்டார்கள். வெயிலில் உட்கார்ந்து சில பிள்ளைகள் மயங்கி விழுந்து, என் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள். போன பிள்ளைகள் முகம் செத்துத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு புது உத்தரவு வந்தது: கூட்டின பணம் கட்டாதவர்கள் பஸ்ஸில் வரக்கூடாது. மெயின் ரோட்டிலிருந்து காலேஜ் ரோடு பிரிகிற விலக்கிலேயே இறக்கிவிட வேண்டும். நடந்து வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது. பஸ் வந்தால் மட்டும் கேட்டைத் திறக்க வேண்டும்.

கேட் என்றால் பட்டாளத்தார்.

அவர்தான் நான் முதலில் சொன்ன மனுஷர். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து வாட்ச்மேன் வேலை பார்த்தார். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. காலில் கறுப்பு பூட்ஸ், பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது. காலேஜில் அந்தப் பூட்ஸை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் பூட்ஸ்தான், மழையில் கேட்டுக்கு முன்னால் முழங்கால் தண்ணீர் நின்றபோதும் பூட்ஸ்தான். பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள். "தாத்தா, தூங்கும்போதாவது கழட்டுவீகளா?" என்பார்கள். "ட்யூட்டியில கழட்டுனா அது பூட்ஸ் இல்லல, செருப்பு" என்பார். அந்தப் பேச்சோடு கேலி நிற்கும்.

உத்தரவு என்றால் அவருக்கு உத்தரவுதான். ஒரு தடவை காலேஜ் முதலாளியின் மருமகனையே அடையாள அட்டை இல்லை என்று அரை மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டார். அவருக்குப் பட்டாளம் போக ஒரே ஒரு ஈடுபாடுதான் உண்டு, ஆடித் தேர். சர்வீஸில் இருந்தபோது வேறு எதற்கு லீவு கேட்கிறாரோ இல்லையோ, ஆடிப்பூரத்துக்கு வந்து வடம் பிடித்துவிடுவாராம். எனக்கும் அவருக்கும் நெருக்கம் வந்தது அந்த வழியில்தான். வருஷா வருஷம் தேரில் ஒரே பக்கத்து வடத்தில் நிற்போம்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். சித்திரை மாதம். அன்றைக்கு ஒரு வகுப்புக்கு மட்டும் பரீட்சை. யுனிவர்சிட்டி பரீட்சை, பத்து மணிக்கு. எங்கள் வண்டியில் அந்த வகுப்புப் பிள்ளை முத்துப்பேச்சி ஒருத்திதான். வன்னியம்பட்டியில் அவள் அப்பா வழக்கம்போல நின்றிருந்தார். அன்றைக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். என்னையா, தாயார் படத்தையா, தெரியாது.

விலக்கில் ஒரு புளியமரம், அதன் கீழே ஒரு டீக்கடை. கடை வைத்திருந்தவர் ஒரு அம்மா. மற்ற வண்டிகளிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைகள் ஏற்கனவே அங்கே கூட்டமாக நின்றார்கள். எங்கள் வண்டி நின்றதும் ஆபீஸ் கிளார்க் ஏறினார், ரசீது இல்லாதவர்களை இறங்கச் சொன்னார். பாதிப் பேர் இறங்கினார்கள். முத்துப்பேச்சி புத்தகத்தை மூடாமலே இறங்கினாள். ரசீது வைத்திருந்த மீதிப் பேரைப் பார்த்து, "நீங்க உக்காருங்க" என்றார் கிளார்க். அவர்களில் ஒருவன் வெங்கடேசு. ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டுப் பையன், கடைசி வருஷம். அவன் வீட்டில் முதல் நாளே பணம் கட்டிவிட்டார்கள். அவன் எழுந்தான், படியை விட்டு இறங்கினான். அவன் பின்னால் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

கிளார்க் கொஞ்ச நேரம் போனில் பேசினார். பிறகு என்னிடம் வந்து, ஆள் இல்லாத வண்டி உள்ளே போக வேண்டாம் என்று சொல்லி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு தன் மொபெட்டில் காலேஜுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்ததா என்றால், இல்லை. மாசச் சம்பளக்காரனுக்குக் கோபம் செத்த நேரம் கழித்துத்தான் வரும்.

மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. நடந்து போனால் காலேஜ் பக்கம்தான், ஆனால் நடந்து போகிறவர்களுக்குக் கேட் இல்லை. முத்துப்பேச்சி புளியமரத்து வேரில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கம் திரும்பவில்லை. பரீட்சை ஹாலுக்குள் போய்விட்டால் யாரும் தடுக்க முடியாது. ஹால் டிக்கெட் யுனிவர்சிட்டி கொடுத்தது, மேற்பார்வைக்கு வருகிறவர் வெளி காலேஜ்க்காரர், அவருக்கு ஹால் டிக்கெட் இருந்தால் போதும். தடை எல்லாம் அந்த ஒரு கேட்தான். பத்து மணிக்குள் அதைத் தாண்டாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போகும், அந்த ஒரு வருஷத்துக்குள் மாமன் வீட்டார் வந்து உட்காருவார்கள்.

வெங்கடேசு வண்டியைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான்.

"பஸ் வந்தாத்தான கேட்டத் தொறப்பாக. பஸ்ஸக் கொண்டு போவோம்ல."

"சாவி அவர்ட்டல்ல இருக்கு" என்றான் அந்தோணி. இவன் சேத்தூர்ப் பையன், எதற்கும் ஒரு எதிர்ப் பேச்சு வைத்திருப்பவன்.

"சாவி எதுக்குல. தேருக்கு என்ன சாவியா இருக்கு?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லும்போது அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை.

டீக்கடையில் ஒரு தேங்காய் லாரி நின்றிருந்தது. லாரிக்காரர் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே டீ குடித்தவர், லோடு கட்டுகிற கயிறு இரண்டை எடுத்துப் போட்டார். அந்தம்மாவிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கி அதன் மேல் ஊற்றினார், காய்ந்த கயிறு அறுந்துவிடுமாம். அப்போது கிளம்பியது அந்த வாசம். இந்த ஆடியில் ரத வீதியில் என்னை நிறுத்தியதும் அதே வாசம்தான்.

கயிற்றை முன் பம்பரில் கட்டினார்கள். தெற்கு ரத வீதியிலிருந்து வருகிற ஒரு பிள்ளை கயிற்றைப் பிடிக்கக் குனிந்தவள், நிமிர்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். யாரும் சொல்லவில்லை. வடம் என்று கை போனால் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும், பிறந்ததிலிருந்து அப்படிப் பழகிய ஊர். அவளைப் பார்த்து அடுத்தவள் கழற்றினாள். ராஜபாளையத்துப் பையன்கள் ஷூவைக் கழற்றினார்கள். அது லாரிக் கயிறு, இழுக்கப்போவது பஸ், ரோடோ கப்பிக்கல் ரோடு. இதெல்லாம் ஒருவருக்கும் தோன்றவில்லை. புளியமரத்தடியில் செருப்பு குவிந்தது. அந்தோணி மட்டும் தயங்கினான். "நான் வேதக்காரன்ல" என்றான். பிறகு அவனும் கழற்றினான்.

முத்துப்பேச்சியும் வந்து கயிற்றைப் பிடித்தாள். தெற்கு ரத வீதிப் பிள்ளை அவள் கையை எடுத்துவிட்டாள்.

"சாமியே இறங்கி வந்து வடம் புடிச்சா, தேர்ல யாருட்டி உக்காருவா? ஏறிப் படி."

பஸ்ஸுக்குள் அவள் ஒருத்தி. ஸ்டியரிங்கில் நான். நான் ஏன் உட்கார்ந்தேன் என்று பிற்பாடு ஆபீஸில் கேட்டார்கள். திருப்ப ஆள் இல்லாமல் வண்டி உருண்டால் முன்னால் நிற்கிற பிள்ளைகள் என்ன ஆவார்கள், அதனால்தான் உட்கார்ந்தேன். இஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்குக்குக் காற்று கொஞ்சம்தான் இருக்கும், நாலைந்து மிதி தாங்கும். ஸ்டியரிங் கல்லாக இருக்கும். படத்தைப் பார்த்தேன். அன்றைக்கு யாரும் துளசி கிள்ளவில்லை, மாலை முழுசாக இருந்தது.

முதல் இழுப்பில் வண்டி அசையவில்லை. இரண்டாவதிலும் அசையவில்லை. கோஷம் போட்டுப் பார்த்தார்கள், எங்களுக்கு நியாயம் வேண்டும், கட்டணத்தைக் குறை என்று. மூச்சு போனதுதான் மிச்சம். அப்போது அந்த ரத வீதிப் பிள்ளைதான், பழக்கத்தில், "கோவிந்தா" என்றாள். தேர் இழுக்கும்போது சொல்வது. எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். வண்டி ஒரு முனகல் முனகியது, நகர்ந்தது. பிறகு அவ்வளவு தூரமும் அதே சத்தம்தான். அந்தோணிதான் எல்லோரையும் விட உரக்கச் சொன்னான். ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கொள்கிறேன் என்று நடுவில் ஒரு தரம் சொன்னான். அந்த மூச்சிரைப்பிலும் சிரித்தார்கள்.

ஓடைப்பாலம் தாண்டி ரோடு சரியும், கேட் வரைக்கும் இறக்கம். எனக்குப் பயம் எல்லாம் அங்கேதான். பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். இரண்டாவது கயிற்றைப் பின்னால் கட்டி, பாதிப் பேரைப் பின்னுக்கு அனுப்பினேன், பிடித்து இழுத்து நிறுத்த. நம் ஊரில் தேர் வேகம் எடுத்தால் சக்கரத்துக்கு முன்னால் கட்டை போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். டீக்கடை விறகில் இரண்டு துண்டை எடுத்து வந்திருந்த அந்தோணியும் இன்னொரு பையனும் சக்கரத்தோடு நடந்து கட்டை போட்டார்கள். வெங்கடேசு முன்னால் பின்னால் ஓடிக்கொண்டே, "மெல்லகா, மெல்லகா" என்று அவன் வீட்டுத் தெலுங்கில் சொன்னான். அன்றைக்கு அம்புட்டுப் பேருக்கும் அந்த ஒரு தெலுங்கு வார்த்தை புரிந்தது.

என் சட்டை நனைந்துவிட்டது. பின்னாலிருந்து முத்துப்பேச்சி பேசினாள். என் வண்டியில் மூன்று வருஷம் வந்தவள், அதுதான் நான் அவள் குரலை முழுசாகக் கேட்டது.

"அண்ணே, அவிய கால்ல ரத்தம் வருது."

கண்ணாடி வழியாக எனக்கும் தெரிந்தது. கப்பிக்கல்லில் பாதம் பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிவப்பு. "நீ படிம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல. அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன் செருப்பையும் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளியதைப் பார்த்தேன்.

இறக்கம் முடிந்தது. கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு வெளியே பட்டாளத்தார் லத்தியோடு நின்றார். உள்ளே கம்பிக்குப் பின்னால் கிளார்க், கையில் என் சாவி. "எவனையும் விடக்கூடாது, பஸ்ஸு வராது, சாவி எங்கிட்ட இருக்கு" என்று கிளார்க் பட்டாளத்தாரிடம் சொல்லியிருந்தாராம். இப்போது பஸ் வந்து நிற்கிறது.

நான் கடைசிக் காற்றை மிதித்து வண்டியை நிறுத்தினேன். கோவிந்தா சத்தம் நின்றது. கயிற்றை யாரும் கீழே விடவில்லை. தேர் நிலைக்கு வரும் முன்னால் வடத்தைத் தரையில் விடுவது நம்மிடம் இல்லை. பிடித்தபடி நின்றார்கள். யாரும் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் திறந்திருக்க மாட்டார், அது எனக்கு நிச்சயம்.

பட்டாளத்தார் முன்வரிசைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர்கள் காலைப் பார்த்தார். எல்லாம் வெறுங்கால். கயிற்றைப் பார்த்தார், கயிறு வந்து சேர்கிற பம்பரைப் பார்த்தார், கண்ணாடிக்குள் தாயார் படத்தையும், பின்னால் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையையும் பார்த்தார். லத்தியைச் சுவரில் சாய்த்துவைத்தார். குனிந்தார். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அந்தப் பூட்ஸுக்குக் கணுக்காலுக்கு மேலே வரைக்கும் கயிறு. ஒவ்வொரு கண்ணியாக இழுத்துத் தளர்த்தினார். அவசரப்படவில்லை. ஒரு கால் முடித்து மறு கால். உள்ளேயிருந்து கிளார்க் அவரைப் பார்த்துக் கத்துகிறார், இவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. இரண்டு பூட்ஸையும் கழற்றி, முனை நேராக இருக்கும்படி சுவரோரம் சேர்த்துவைத்தார். வெறுங்காலோடு போய்க் கொண்டியை எடுத்து, கேட்டை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்துவிட்டு, ஓரமாக நின்று கைகூப்பினார்.

யாரோ மெதுவாக, "கோவிந்தா" என்றார்கள். இழுத்தார்கள். போர்டிகோ வரைக்கும் இழுத்துப் போய் நிறுத்திய பிறகுதான் கயிற்றை விட்டார்கள். முத்துப்பேச்சி இறங்கினாள். முகமெல்லாம் கண்ணீர். தெற்கு ரத வீதிப் பிள்ளை தாவணி முனையால் துடைத்துவிட்டு, முதுகில் ஒரு அடி வைத்து, போ என்றாள். வெறுங்காலோடு ஓடினாள். ஹாலில் பெல் அடிப்பதற்கும் அவள் வாசலைத் தாண்டுவதற்கும் சரியாக இருந்தது. வெளிக் காலேஜ்க்காரர் ஹால் டிக்கெட்டை மட்டும் பார்த்தார், உட்காரச் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானமே பட்டாளத்தாரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு மறுநாளிலிருந்து ஒரு வாரம் வேலை இல்லை என்றார்கள், பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். போராட்டம் இன்னும் சில நாள் நடந்து, கூட்டியதில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். ஜெயித்தோம் என்று சொல்ல முடியாது, தோற்றோம் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகள் போர்டிகோவில் உட்கார்ந்து ஒருவர் காலில் ஒருவர் கல் எடுத்துக்கொண்டிருந்தது மட்டும் கண்ணில் நிற்கிறது.

சாயங்காலம் சாவியைத் திருப்பி வாங்கி வண்டியை எடுத்து வந்து விலக்கில் நிறுத்தினேன். எல்லோரும் நொண்டிக்கொண்டே இறங்கினால், புளியமரத்தடியில் பட்டாளத்தார் உட்கார்ந்திருக்கிறார். பூட்ஸ் போட்டு, கயிறு கட்டி, பழையபடி விறைப்பாக. மத்தியானத்திலிருந்து அங்கேயேதான் இருந்தாராம். டீக்கடையம்மா சொன்னார், ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லையாம். பக்கத்தில் செருப்பெல்லாம் ஜோடி ஜோடியாக வரிசை கட்டி இருக்கிறது.

"எடுத்துக்கோங்கல. நாய் ஒண்ணு வந்துச்சு, வெரட்டிவிட்டேன்."

அந்தோணி வாயைத் திறந்தான், என்னமோ கேலி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவர் காலடியில் இருந்த தன் செருப்பை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் போட்டுக்கொண்டான். அன்றைக்குத் திரும்பும்போது பட்டாளத்தார் எங்களோடு வரவில்லை. டவுன் பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு கேட் கிடைக்கவில்லை. உத்தரவை மீறியவர் என்று பெயர் ஆகிவிட்டது. அவர் மீறவில்லை என்றுதான் சாகும் வரைக்கும் சொன்னார். அடுத்த ஆடியில் வடம் பிடிக்கும்போது நானே கேட்டேன், ஏன் திறந்தீர்கள் என்று. "பஸ் வந்தாத் தொறன்னுதான் எனக்கு உத்தரவு. பஸ் வந்துச்சு, தொறந்தேன்" என்றார். கிளார்க் சொன்னது என்ன ஆச்சு என்றேன். வடத்தை இன்னொரு இழுப்பு இழுத்தார். "கை தானா போயிருச்சுப்பா. தேரு முன்னால பூட்ஸோட நிக்க முடியுமா? ஆனா ட்யூட்டியில கழட்டிட்டேம்லா. அத நான் இருக்க வரைக்கும் எழுதிக் கிழுதி வச்சிராத" என்றார். நான் எழுதக்கூடியவன் என்று அவர் ஒருவர்தான் நினைத்தார்.

இப்போது அங்கே எதுவும் இல்லை. சேர்கிற பிள்ளைகள் குறைந்து, காலேஜை மூடி, கட்டடத்தில் பேண்டேஜ் துணி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ரோடு அகலப்படுத்தியதில் புளியமரம் போயிற்று, டீக்கடையும் போயிற்று, அந்தம்மா எங்கே என்று கேட்க ஆள் இல்லை. கப்பி ரோடு தார் ரோடு ஆகிவிட்டது. ஓடையில் பாலம் இருக்கிறது, ஓடை இல்லை. என் பஸ்ஸைக் கடைசியாகப் பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே படம் ஒட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வெங்கடேசு வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. முத்துப்பேச்சி கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறாள், தானே பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள், பொங்கலுக்குப் போன் பண்ணுவாள். அந்தக் கேட்டும் இல்லை. இரண்டு கல் தூண் மட்டும் நிற்கிறது, நடுவில் லாரி போய்வருகிறது, நிறுத்திக் கேட்க ஆள் இல்லை.

பதினாறாம் நாள் அன்றைக்கு அந்த இலையில் என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லையே. அவர் பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்தார் என்றார் ஒருவர். இன்னொருவர், அதெல்லாம் இல்லை, தாயார் இறங்கி வந்து பஸ்ஸைத் தானே ஓட்டினாள், அவருக்குச் சாமி வந்துவிட்டது என்றார். முதலாவது பாவம். இரண்டாவதை நான் சந்தோஷமாக ஒத்துக்கொள்வேன், எனக்கு அவளை விட்டால் யார். ஆனால் பிரேக்கை நான்தான் மிதித்தேன், கட்டையை அந்தோணிதான் போட்டான். அவருக்குச் சாமியும் வரவில்லை. நான் ஏழெட்டு அடி தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாகப் போய்விட்டது என்று அவர் சொன்னதை மட்டும் நான் நம்பவில்லை. செருப்பு என்றால் தானாகக் கழன்றுவிடும். அந்தப் பூட்ஸ் அப்படி இல்லை. ஒவ்வொரு கண்ணியாக அவிழ்க்க வேண்டும். வேலை, பேர், சோறு எல்லாவற்றையும் நினைத்துப் பார்க்க அந்த நேரம் போதும். நடுவில் எந்தக் கண்ணியிலும் அவர் நிறுத்தியிருக்கலாம்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்கள் வீட்டில் சொல்லுங்கள், தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். நல்லதுக்காகக் கூட இதில் ஒன்றைச் சேர்க்க வேண்டாம். அவருக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று அவர் வாயில் ஒரு வசனம் வைக்க வேண்டாம், கேட்டில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தால் என்னை எடுத்துவிடுங்கள். அவர் குனிந்து பூட்ஸ் கயிறு அவிழ்த்த அந்த நேரத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.